தொட்டி இப்போது, மூடி ஜெயித்த பிறகு

சான் பக்கோமியோ ஊரில் தண்ணீர்த் தொட்டி இல்லாத மொட்டை மாடி ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது மாவு மில் வீட்டு மாடி. அங்கே ஒரு கொடிக்கயிறும், வேலைவெட்டி இல்லாத ஒரு பூனையும் மட்டும் இருந்தன. மற்ற மாடிகளில் ஆளுக்கு இரண்டு, மூன்று என்று கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டிகள் உட்கார்ந்திருக்கும். மாதா கோயில் மணிக்கூண்டிலிருந்து பார்த்தால், தடித்த ஆட்கள் கும்பலாகக் குந்தி யாருக்கோ காத்திருப்பது போலத் தெரியும்.

மாவு மில் ஒப்தூலியாவுடையது. அவள் புருஷன் எவாரிஸ்தோ மெக்சிகோ நகரத்தில் ஐந்து வருடம் பொருளாதாரம் படித்துவிட்டு, என்ன காரணத்தாலோ ஊருக்கே திரும்பி வந்து, மேல்நிலைப் பள்ளியில் அதையே இருபத்தொன்பது வருடமாகச் சொல்லிக்கொடுப்பவர். நாற்பது கிலோமீட்டர் சுற்றுவட்டாரத்தில் அவர் ஒருவர்தான் பொருளாதார நிபுணர். அந்தச் சுற்றுவட்டாரத்தில் யாரும் அதற்காக ஏங்கியதாகத் தெரியவில்லை.

தேர்தல் வந்தால் அவர் ஒரு காரியம் செய்வார். பள்ளியில் கழித்துக்கட்டிய கரும்பலகை ஒன்றை மில் சுவரில் மாட்டி, இடதுபக்கம் வேட்பாளர்கள் கொடுத்த வாக்குறுதியையும், வலதுபக்கம் அதற்கு ஒவ்வொரு குடும்பமும் கடைசியில் எத்தனை கிலோ சோள மாவின் விலையைக் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதையும் எழுதுவார். 'இலவச சிமெண்ட்: வருடத்துக்கு 41 கிலோ.' 'பேருந்து நிறுத்தத்துக்குப் பளிங்குத் தரை: 12 கிலோ.' சுண்ணாம்பில் வேகவைத்த சோளத்தை வாளியில் வைத்துக்கொண்டு அரைக்க நிற்கும் பெண்கள் அதை வாசிப்பார்கள். வாசித்துவிட்டுப் போய் சிமெண்ட்காரனுக்கு ஓட்டுப் போடுவார்கள்.

"சுருக்கமா சொன்னா..." என்றுதான் எதையும் ஆரம்பிப்பார். அதற்கப்புறம் இருபது நிமிஷம் ஆகும். மாணவர்கள் வருடக்கணக்காக அதைப் பேசிக்காட்டிச் சிரிக்கிறார்கள். நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால், அவரும் ஒருமுறை வசமாக மாட்டியிருக்கிறார். முதியோருக்கு மாதப் பணம் என்று அறிவித்தபோது, 'விலைவாசி ஏறும், ஊர் சோம்பேறியாகும், 63 கிலோ' என்று எழுதினார். நடந்தது வேறு. வயதானவர்கள் கையில் காசு வந்ததும் முதலில் செய்தது, பேரன் பேத்திக்கும் சேர்த்து மாவு அரைத்ததுதான். மில் இரண்டு மடங்கு ஓடியது. வாத்தியார் வீட்டுக் கூரையே அந்தப் பணத்தில்தான் மாறியது.

"அறுவத்திமூணு கிலோ எங்க வாத்தியாரே?" என்று இன்றைக்கும் எவளாவது வரிசையில் நின்றபடி கேட்பாள்.

"அதெல்லாம் அவரு தின்னுட்டாருடி" என்பாள் ஒப்தூலியா, மாவை உருட்டிக்கொண்டே.

அவர் சிரித்துக்கொள்வார். எல்லாக் கொடையும் ஒன்றல்ல என்று அதிலிருந்து கற்றுக்கொண்டதாகவும் சொல்வார். கையில் கொடுக்கிற காசுக்குப் புத்தி உண்டு, தேவையான இடத்துக்கு அதுவே போய்ச் சேரும்; கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்பதற்காகக் கொடுக்கிற பொருளுக்குத்தான் புத்தி கிடையாது. இதைச் சொல்லிவிட்டு மாடிகளைப் பார்ப்பார்.

மாடியில் தொட்டி வந்த கதை இதுதான். ஊருக்குத் தண்ணீர் ஆறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஊற்றிலிருந்து குழாயில் வர வேண்டும். அந்தக் குழாய் பாதி வழியில் ஒரு பள்ளத்தில் வெடித்துப் பதினொரு வருடம் ஆகிறது. அங்கே புல் ஆளுயரத்துக்கு நிற்கிறது. சான் பக்கோமியோவில் நிர்வாகத்தைக் குறை சொல்லாத ஜீவன்கள் அந்தப் பள்ளத்து மாடுகள் மட்டுமே. ஊருக்குள் ஒன்பது நாளைக்கு ஒருமுறை, ஒரு மணி நேரம் தண்ணீர் வரும். ஆனால் குழாய் மண்ணுக்குள் இருக்கிறது. மண்ணுக்குள் இருப்பதோடு நின்று யார் போட்டோ எடுப்பது? ஆகவே ஒவ்வொரு தேர்தலிலும் வேட்பாளர்கள் தொட்டி கொடுத்தார்கள். வாங்கிய தொட்டியை மாடியில் ஏற்றியே ஆகவேண்டும். கட்சிக்காரர்கள் மணிக்கூண்டில் ஏறி எண்ணுவார்கள். மாடியில் தொட்டி இல்லாத வீடு அடுத்த பட்டியலில் இருக்காது. எனவே தண்ணீர் வராத ஊரில் தேர்தலுக்குத் தேர்தல் தொட்டி பெருகியது.

கடைசியாகக் கொடுத்தவர் தோன் ருதிலியோ. அவர் புத்திசாலி. தொட்டியை வாங்கிக்கொண்டு எதிராளிக்குக் குத்திவிடுகிறார்கள் என்று தெரிந்து, தொட்டியை மட்டும் கொடுத்தார். "தொட்டி இப்ப, மூடி ஜெயிச்சப்புறம்" என்றார். போதாக்குறைக்கு, பழைய தொட்டிகளின் மூடிகளையும் 'புதுசா மாத்தித் தர்றோம்' என்று லாரியில் வாரிக்கொண்டு போனார்கள். ருதிலியோ ஜெயித்தார். மூடிகள் வழியில் வந்துகொண்டிருப்பதாக ஒன்றரை வருடம் சொன்னார். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி விருந்தில் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். ஆயிரத்து நூற்று நாற்பது தொட்டிகள் வாயைத் திறந்துகொண்டு நின்றன.

அந்தப் பிப்ரவரியில் காற்று கிளம்பியது. பிற்பகல் இரண்டு மணிக்கு மேல், வெயில் வெள்ளையாகக் காயும்போது, வடக்கேயிருந்து புழுதியோடு வரும் காற்று. திறந்த வாய்களின் மேல் அது உரசிக்கொண்டு போக, ஊர் முழுக்க ஒரு முனகல் எழுந்தது. நாய்கள் முதலில் குரைத்தன. மூன்றாம் நாள் குரைப்பதை நிறுத்திவிட்டு, மாடி நிழல் படாத இடமாகப் பார்த்து வெயிலிலேயே போய்ப் படுத்துக்கொண்டன.

ஊருக்கெல்லாம் தொட்டி ஏற்றிக்கொடுக்கும் செலெரினோ ஒருநாள் மில்லுக்கு வந்தான். பனைபோல் வளர்ந்தவன். தொப்பியைக் கையில் பிடித்திருந்தான்.

"வாத்தியாரே, என் தொட்டி பேசுது."

"என்ன குடிச்சே?"

"சத்தியமா ஒண்ணும் குடிக்கல. பேசுது. செத்துப்போன தோன் ருதிலியோ கொரல்ல பேசுது."

வரிசையில் நின்ற பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. எவாரிஸ்தோ அதைக் கவனித்தார்.

"சுருக்கமா சொன்னா, காலி பாட்டில் வாயில ஊதினா சத்தம் வருதில்ல? அதே விஷயம். பாட்டில் பெருசு, ஊதறது காத்து."

"பாட்டில் 'என் அருமை மக்களே'ன்னு சொல்லுமா?"

"நீ கேக்கணும்னு நெனச்சா சொல்லும்."

"அப்ப நீங்க நெனைக்காம வந்து கேளுங்க."

போனார். ஏணியில் ஏறி, பட்டப்பகலில், சுடுகிற சிமெண்ட் தரையில் நின்று தொட்டிக்குள் தலையை நீட்டினார். உள்ளே இருட்டும் பிளாஸ்டிக் வாடையும். அடியில் ஒரு செத்த குருவி. காற்று வந்தது. முனகல் கிளம்பியது. முனகல்தான், வேறென்ன என்று நினைத்த அதே நொடியில் யாரோ இரண்டு முறை செருமினார்கள்.

ருதிலியோவுக்கு ஒரு வழக்கம் உண்டு. வாக்குறுதி கொடுப்பதற்கு முன்னால் இரண்டு முறை செருமுவார். மற்ற சமயங்களில், விலை பேசும்போதுகூட, தொண்டை சுத்தமாக இருக்கும். அந்தச் செருமலை எவாரிஸ்தோ மேடைக்கு எதிரே உட்கார்ந்து எத்தனையோ முறை கேட்டிருக்கிறார். செருமலுக்குப் பிறகு அந்தக் குரல், அடியிலிருந்து, நிதானமாக, 'தொட்டி இப்ப...' என்றது. காற்று நின்றது. பாதியில் விட்ட வாக்கியம் உள்ளேயே கிடந்தது.

கீழே இறங்கி வந்தார். செலெரினோ அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"காத்துதான்" என்றார்.

இருபத்தொன்பது வருடத்தில் அவர் தெரிந்தே சொன்ன முதல் பொய் அது.

ஒரு மாதத்துக்குள் எல்லார் வீட்டுத் தொட்டியும் பேசியது. எந்தத் தேர்தலில் கொடுத்த தொட்டியோ, அந்தத் தேர்தலின் குரல். ஒரே மாடியில் மூன்று தொட்டி வைத்திருந்தவர்கள் பாடு திண்டாட்டம். ஒன்று இலவச உரம் என்றது, ஒன்று இலவச சிமெண்ட் என்றது, மூன்றாவது மற்ற இரண்டும் திருடர்கள் என்றது. தொட்டியை இறக்கிப் போடலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஜூனில் தேர்தல். மணிக்கூண்டில் ஏறி எண்ணுவார்களே.

இதற்கு நடுவே மில்லில் தண்ணீர் தீர்ந்துகொண்டிருந்தது. சோளத்தைக் கழுவத் தண்ணீர் வேண்டும், அரைக்கும்போது கல்லுக்குத் தண்ணீர் வேண்டும், முடித்த பிறகு கல்லைக் கழுவத் தண்ணீர் வேண்டும். ஒப்தூலியா லாரித் தண்ணீர் வாங்கினாள். லாரி ஒன்றுக்கு ஆயிரத்து இருநூறு பெசோ. மார்ச்சில் இரண்டு லாரி, ஏப்ரலில் நான்கு.

"கெழவா, இப்பிடியே போனா மே மாசக் கடைசியோட மில் பெல்ட்டைக் கழட்டிட வேண்டியதுதான்" என்றாள்.

அவர் அன்றைக்கே உட்கார்ந்து கணக்குப் போட்டார். ஊரே மூடி மூடி என்று அலைந்துகொண்டிருந்தது. தண்ணீரைப் பற்றிய பேச்சே நின்றுவிட்டது. இந்தக் குரல்களின் வாயை அடைத்தால் போதும் என்று இருந்தார்கள். ஆயிரத்து நூற்று நாற்பது மூடிக்கு மூன்றரை லட்சம் பெசோ. பள்ளத்தில் வெடித்த குழாயை மாற்றவும் மூன்றரை லட்சம். நகராட்சிப் பெட்டியில் ஒரு மூன்றரை லட்சம்தான் இருந்தது. ஒன்று மூடி, இல்லை குழாய். கரும்பலகையில் இரண்டையும் எழுதி, கீழே பெரிய எழுத்தில், 'நிரம்பிய தொட்டி பேசாது' என்று போட்டார். பாட்டிலில் தண்ணீரை நிரப்பி ஊதிப் பாருங்கள், அவ்வளவுதான் விஷயம்.

அவர் வாழ்க்கையில் எழுதியதிலேயே மிகச் சிறிய, மிகச் சரியான வாக்கியம் அது. மறுநாள் காலை யாரோ அதன் கீழே, '63 கிலோ' என்று எழுதிவைத்திருந்தார்கள்.

அந்த வாரம் யாதிரா வந்தாள். நகராட்சித் தலைவர் பதவிக்கு நிற்பவள். அவருடைய பழைய மாணவி. பரீட்சையில் அவள் எழுதிய விடைகளை அவர் இன்னும் மறக்கவில்லை. எல்லாம் தப்பு, ஆனால் அத்தனை அழகான கையெழுத்து.

"வாத்தியாரே, கரும்பலகை பாத்தேன். நீங்க சொல்றதுதான் சரி. சத்தியமா."

"அப்ப குழாய்னு சொல்லிப் பிரசாரம் பண்ணு."

"பண்ணலாம். பண்ணிட்டு வீட்டுக்குப் போயி, அம்மாவோட சேந்து டிவி பாக்கலாம்." அவள் மில் கல்லின் விளிம்பில் உட்கார்ந்தாள். "ஜனங்க ராத்திரி பகலா மேல பாத்துக்கிட்டிருக்காங்க. நான் போயி கீழ பாருங்கன்னா யாரு பாப்பா? மூடின்னாதான் ஜெயிப்பேன். ஜெயிச்சாதான் குழாய். நீங்களே சொல்லுங்க, இதுல எங்க தப்பு?"

"பணம் ஒண்ணுக்குத்தான் இருக்கு."

"அது உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். மேடையில ஒருதடவ ஏறி, ரெண்டும் முடியும்னு நீங்க சொல்லுங்க. மொதல்ல குழாய், அப்புறம் மூடி. நான் குழாயைப் போட்டுடுவேன். தண்ணி வந்துட்டா தொட்டி வாய மூடிக்கும், மூடியை எவன் கேப்பான்? உங்க கணக்குதானே இது?"

அவருடைய கணக்குதான். அதுதான் சங்கடமே. இத்தனை வருடமாக மற்றவர்களிடம் அவர் கண்டுபிடித்துச் சொன்ன ஓட்டைகளில் ஒன்றுகூட இதில் இல்லை. இதில் இருந்தது ஒரே ஒரு பொய்தான். அதுவும் தானாகவே ஆறிவிடக்கூடிய சின்னப் பொய்.

"என்ன நம்பி எவன் ஓட்டுப் போடுவான்? அறுவத்திமூணு கிலோன்னு சிரிக்கிறானுங்க" என்றார்.

"சிரிப்பாங்க. ஆனா நீங்க ஒருநாளும் எதையும் தர்றேன்னு சொன்னதில்ல வாத்தியாரே. அது எல்லாருக்கும் தெரியும். அதனாலதான் கேக்குறேன்."

ஒப்தூலியா காய்ந்த கல்லைக் காய்ந்த துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் அவருக்கு ஒரு பேச்சை விட அதிகமாகக் கேட்டது. யாதிராவுக்கு வேண்டிய கணக்கை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

மே மாத இரண்டாவது ஞாயிறு, பூசை முடிந்து, பிற்பகலில் மைதானத்தில் கூட்டம். மேடையில் ஏறினபோது காற்று வழக்கம்போல ஆரம்பித்திருந்தது. சுற்றியுள்ள மாடிகளிலிருந்து முனகல் எழுந்து, முன்வரிசையில் குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டன. அவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"சுருக்கமா சொன்னா..."

காற்று நின்றது.

ஒரே வெட்டாக நின்றது. கொடிகள் தொங்கின. சோளப்பொரிக்காரன் கையில் பொட்டலம் அப்படியே நின்றது. எவாரிஸ்தோ நிமிர்ந்தார். எல்லா மாடியிலும் எல்லாத் தொட்டியும், வாயைத் திறந்தபடி, அசையாமல் இருந்தன. பேசுவதை நிறுத்தினாற்போல் அவருக்குத் தோன்றவில்லை. கேட்க ஆரம்பித்தாற்போல் தோன்றியது.

"ரெண்டும் கெடைக்கும்" என்றார். "மொதல்ல குழாய். அப்புறம் மூடி. கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்."

வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்குக் கைதட்டினார்கள். ஓய்ந்தது போல ஓய்ந்து திரும்பவும் எழுந்த கைதட்டல். மேடையை விட்டு இறங்கும்போது கால் தரையில் பாவவில்லை. யாரோ அறுபத்துமூன்று கிலோவை மன்னித்துவிட்டதாகக் கத்தினார்கள். வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரத்துக்கு அவர் குழாயைப் பற்றி நினைக்கவில்லை. அந்தச் சத்தத்தைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தார். நினைக்கிறோம் என்று தெரிந்ததும் வெட்கப்பட்டார். வெட்கப்பட்டுவிட்டு மறுபடியும் நினைத்தார்.

மறுநாள் செலெரினோ இரண்டு ஆட்களோடு வந்து மில் வீட்டு மாடியில் ஒரு தொட்டியை ஏற்றினான்.

"எனக்கு எதுக்குடா?"

"யாதிராக்கா குடுத்துவிட்டாங்க. மரியாதைக்கு. மேடைல ஏறினவரு மாடில தொட்டி இல்லன்னா நல்லாவா இருக்கும்?"

"மூடி எங்க?"

செலெரினோ சுவரைப் பார்த்தான். "ஜெயிச்சப்புறமாம்."

ஜெயித்தாள். பெரிதாகவே ஜெயித்தாள். ஜூலையில் மூடிகள் வந்தன. ஆமாம், மூடிகள்தான். பேண்டு வாத்தியத்தோடு மூன்று லாரி. யாதிரா தன் கையால் முதல் மூடியைப் பொருத்த, மணிக்கூண்டிலிருந்து போட்டோ எடுத்தார்கள். எவாரிஸ்தோ நகராட்சி அலுவலகத்துக்குப் போனார். அவளைப் பார்ப்பதற்கு இரண்டு மணி நேரம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள்.

"குழாய்?"

"போடணும் வாத்தியாரே. கட்டாயம் போடணும். மூடியைப் பாக்காம ஒருத்தனும் வரி கட்ட மாட்டேங்கறான், நான் என்ன பண்ணுவேன்? அடுத்த வருஷம் மொத வேலை அதுதான்." சொல்வதற்கு முன்னால் அவள் இரண்டு முறை செருமினாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

எழுந்தபோது கேட்டார், "என் தொட்டிக்கு மூடி வரலியே?"

அவள் ஒரு தாளை எடுத்து நீட்டினாள். அவர் கையெழுத்து. "ஆயிரத்து நூத்தி நாப்பதுன்னு நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க? உங்க கணக்குப்படிதான் வாங்கினேன். அப்ப உங்க மாடில தொட்டி இல்லையே."

மில் பெல்ட்டை ஒப்தூலியா மே மாதக் கடைசியிலேயே கழற்றிவிட்டிருந்தாள். கழற்றிய பெல்ட்டை, செத்த பாம்பைச் சுற்றுவதுபோலச் சுற்றி ஆணியில் மாட்டினாள். ஊரில் எல்லாரும் கடையில் பாக்கெட் மாவு வாங்கினார்கள். மழைக்காலம் முழுக்கக் காற்று இல்லை. அடைத்த மாடிகளின் கீழே ஊர் நிம்மதியாகத் தூங்கியது.

திரும்பப் பிப்ரவரி வந்தது.

பிற்பகல் மூன்று மணி இருக்கும். ஓடாத மில்லில் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தார். அவள் சமையலுக்குக் கள்ளித்தண்டில் முள் சீவிக்கொண்டிருந்தாள். கத்தியை நிறுத்திவிட்டு, மேலே பார்க்காமல், "கெழவா, மாடில என்ன பண்றே? எறங்கி வா" என்றாள்.

"இங்கதானே இருக்கேன்."

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். எதிரே, கையில் சிவப்புப் பேனாவோடு, வாய் மூடியபடி அவர் இருந்தார். மேலேயிருந்து அவர் குரல் வந்துகொண்டிருந்தது.

"சுருக்கமா சொன்னா... ரெண்டும் கெடைக்கும்..."

"போய் மூடு அதை" என்றாள். அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "எதையாவது வெச்சு மூடு. மூடிட்டு வா."

சோளம் கொட்டும் தொம்பைக்கு ஒரு பலகை மூடி உண்டு. இனி அதற்கு வேலை இல்லை. அதை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினார். வெயில் வெளுத்துக் கிடந்தது. ஊர் முழுக்கத் திறந்திருந்தது இந்த ஒரு வாய்தான். கீழே தெருவில் நாலைந்து பேர் நின்று அண்ணாந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். செலெரினோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

பலகையைத் தூக்கி விளிம்புவரை கொண்டுபோனார். உள்ளேயிருந்து குரல் தெளிவாக, அவர் வகுப்பில் பேசுவதைவிட நன்றாக, 'மொதல்ல குழாய். அப்புறம் மூடி' என்றது. அதோடு நிற்கவில்லை. அவர் எந்த மேடையிலும் சொல்லாததைச் சொல்லத் தொடங்கியது. இலவச மில் என்றது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மில். அதற்கும் கணக்குப் போட்டுவிட்டதாகச் சொன்னது. சொல்லிவிட்டு, பேசத் தெரிந்தவர்கள் கைதட்டலுக்காக விடுகிற இடைவெளி ஒன்று விட்டது.

யாதிரா வாங்கிய மூடிகள் மலிவு ரகம்; திருகு மரை கிடையாது, வாயைவிடக் கால் அங்குலம் பெரியவை. காற்று வேகமெடுத்ததும் அவை விளிம்பில் எழும்பி எழும்பி அடித்துக்கொள்ள ஆரம்பித்தன. முதலில் பக்கத்து மாடியில். அப்புறம் தெரு முழுக்க. அப்புறம் ஆயிரத்து நூற்று நாற்பதும். அந்தச் சத்தம் ஓய்ந்தது போல ஓய்ந்து திரும்பவும் எழுந்தது.

காற்றுதான், காலி பாட்டில் விஷயம்தான் என்று அவருக்குத் தெரியும். பலகை கையில் கனத்தது.

"மூடிட்டியா?" என்று கீழேயிருந்து ஒப்தூலியா கேட்டாள்.

கைதட்டல் அடங்கட்டும் என்று எவாரிஸ்தோ காத்துக்கொண்டிருந்தார். தலை கொஞ்சம் குனிந்திருந்தது.